அந்தி வளையத்தில் ஓர் ஆள்

கூடத்தின் தரையில் ஓர் ஈரம் காயவே மாட்டேன் என்றது.

முதலில் கவனித்தது துப்புரவு அக்காதான். துணியைப் போட்டு அழுத்தித் துடைத்தால் போய்விடும். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் பூத்திருக்கும். "துடைச்சுத் துடைச்சு என் விரலுதாம்மா விறைச்சுப் போச்சு. அடியில ஏதோ குழாய் உடைஞ்சிருக்கு, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார்.

அந்தக் கூடத்தை வடிவமைத்தவள் ஆளைக் கூப்பிடவில்லை. இப்படிப்பட்ட சின்னச் சிக்கல்கள் அவளுக்குப் பிடிக்கும். அந்த அறிவியல் மையத்தில் காட்சிக் கூடங்களை வடிவமைப்பது அவள் வேலை. ஒன்று ஏன் இப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால், சாப்பிடுகிற தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு விளக்க உட்கார்ந்துவிடுவாள். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறதே, அந்தத் தண்ணீர் பாட்டிலுக்குள்ளிருந்து வருவதில்லை; காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிப் படிகிறது. ஆகவே தரை நனைந்தால் குழாய் உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. தரை குளிர்ந்திருந்தாலே போதும். மண்டியிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டதுபோல் இருந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தாள். வெதுவெதுப்பு.

அப்படியானால் எது அதைக் குளிர்விக்கிறது? கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்க் கிடங்கின் கூரையைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்து, தூசி படிந்து, எல்லாக் கூரையும் போலத்தான் இருந்தது. குளிர்சாதனக் குழாய் ஓடியது எதிர்ச்சுவரில். அன்று மாலை அவள் வீட்டுக்குப் புறப்பட்டபோது அந்த ஈரம் செருப்புக்குள் புகுந்த கல்லாகக் கூடவே வந்தது.

கூடத்துக்கு அவள் வைத்த பெயர் அந்தி வளையம். மிகத் தொலைவில், சின்னஞ்சிறிய சிவப்பு விண்மீனை ஒட்டிச் சுற்றும் ஒரு கோளுக்குப் போய் நின்றால் எப்படி இருக்கும்? பார்வையாளர்கள் அதைத் தங்கள் தோலால் உணர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது அல்லவா? அவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோளும் அப்படித்தான். விண்மீனின் ஈர்ப்பு அதன் சுழற்சியைச் சிறிது சிறிதாகப் பிடித்து நிறுத்தி, கடைசியில் முகத்தைப் பூட்டிவிடும். ஒரு பாதி முடியாத பகல். மறுபாதி விடியாத இரவு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோளைச் சுற்றி மெல்லிய வளையமாக ஓர் அந்தி. மனிதன் அங்கே நிற்க முடியுமென்றால் அந்த வளையத்தில்தான் நிற்க முடியும்.

கூடத்தின் ஒரு முனையில், ஆள் உயரத்தைவிடப் பெரிய சிவப்பு வட்ட விளக்கு தரையை ஒட்டிக் கிடந்தது, மூழ்கவும் முடியாமல் எழவும் முடியாமல். மறுமுனைச் சுவருக்கு ஆழமே தெரியாத கறுப்பு. அந்தக் கறுப்புக்குப் பின்னாலிருந்து விசிறிகள் காற்றை விளக்கை நோக்கித் தள்ளின. குளிர்ந்த பக்கத்திலிருந்துதான் தரைக்காற்று சூடான பக்கத்துக்கு ஓடும். இடைவிடாத அந்த ஊதலும், விளக்குக் கண்ணாடியில் பொசுங்கும் தூசியின் வாசனையும், பாதத்துக்கடியில் நொறுங்குவது போலச் செய்திருந்த கரடுத் தரையும் சேர்ந்து, உள்ளே வந்தவர்களின் குரலைத் தானாகத் தாழ்த்தின. விளக்கை யாரும் அணைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அணைத்தால் மறுபடி அந்தச் சிவப்பு நிலைப்பட நெடுநேரம் பிடிக்கும் என்பது வெளியே சொன்ன காரணம். அந்தக் கோளில் சூரியன் அணைவதில்லை என்பது உள்ளே வைத்திருந்தது. பொய்யாக ஒன்றைக் கட்டினாலும் முழுதாகக் கட்ட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. வெளிச்சத்தைப் பொருத்தும்போது மற்றவர்கள் துணிக்கடைப் பொம்மையை நிறுத்திக்கொள்வார்கள். அவளுக்கு உயிருள்ள ஆள் வேண்டும். இந்த முறை நின்றவன் அவள் கணவன். அதே மையத்தில் ஒலிப்பதிவாளன். கூடங்களில் கேட்கும் விளக்கக் குரலும் அவனுடையதுதான். அவள் எழுதுவாள், அவன் பேசுவான். நாள் கணக்கில் அவனை அந்தி வளையத்தின் நடுவே நிறுத்தி, அவன் நிழல் பின்னால் நீண்டு கறுப்புச் சுவரைச் சரியாகத் தொடும்வரை விளக்கை நூலளவு நூலளவாக நகர்த்தினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அசையாதீங்க."

"கல்யாணமான நாள்லேருந்து இதத்தானே சொல்லிட்டிருக்கே."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறு தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. கூடம் திறக்கும் நாளன்று கிளம்புகிறான்; தனியாக. திரும்பி வருவது பற்றி அவன் பேசவில்லை. சொன்னபோது அவள் கேட்டது, "பெட்டி போதுமா?" என்று மட்டும்தான். அவன் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஈரத்தின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியபோது துப்புரவு அக்கா அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். "உப்புப் பூத்த மாதிரி இருக்கும்மா. எனக்கு மத்த கூடம் போதும்."

உப்பு இல்லை. நகத்தால் சுரண்டினால் நகத்தில் உருகியது. உறைபனி.

இது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். நடப்பதாக அவளே எழுதியும் இருந்தாள். கணவன் குரலில் பதிவாகியிருந்த உரையில் அந்த வரி வருகிறது: சூரியன் நகராத ஊரில் நிழலும் நகராது, ஒரு பாறையின் நிழல் விழுந்த மண் என்றைக்குமே வெளிச்சத்தைப் பார்த்ததில்லை, அங்கே பனி படிந்தால் அது போவதற்கு வழியே கிடையாது. அழகான வரி என்று நினைத்துத்தான் எழுதினாள்.

விளக்கைப் பராமரிக்க அதன் பின்னால் ஓர் இரும்பு ஏணி உண்டு. அதில் ஏறி, விளக்கின் மேல் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்து, விளக்கு பார்க்கிற திசையிலேயே கூடத்தைப் பார்த்தாள். ஒரு விளக்கின் கண்ணுக்கு நிழலே தெரியாது. யோசித்தால் எளிமையானது: ஒரு பொருள் எதை மறைக்கிறதோ அதுதான் நிழல், மறைத்ததை விளக்கு எப்படிப் பார்க்கும்? விளக்கு இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டியதெல்லாம் வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுக்கு நிழல் தெரிந்தது.

நீளமாக, கறுப்புச் சுவர்வரை. இடது தோள் சற்றுத் தாழ்ந்து, கழுத்தில் ஒலிப்பதிவாளர் மாட்டும் ஹெட்ஃபோன் வளைந்து தொங்க, வெள்ளை ஓரம் கட்டிய ஒரு மனித நிழல். அதற்கும் விளக்குக்கும் நடுவே யாரும் இல்லை.

ஏணியிலிருந்து இறங்கினாள். நிழல் தொடங்குகிற இடத்துக்குப் போனாள். நிழல் என்பது ஒரு பொருள் அல்ல, வெளிச்சம் வராமை என்று எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள். வெளிச்சம் வரவில்லையென்றால் எதுவோ தடுக்கிறது. கையை மெல்ல, மார்பு உயரத்தில், வெறும் காற்றுக்குள் நீட்டினாள்.

காற்று தடித்திருந்தது. கொடியில் காயும் ஈரத்துணிக்குள் கை போனதுபோல. அவள் கணவன் பூசும் சவரச் சோப்பின் வாசனை.

இழுத்துக்கொண்டாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

வீட்டில் அவன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் நேரமெடுத்தான். அலமாரியிலிருந்து சட்டையை எடுத்துக் கட்டிலில் வைக்க உடம்பைத் திருப்பினால் போதும்; அவன் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தான், முதுகால் வழியைத் தேடி. சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலியைச் சன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருந்தான். படுக்கையில் ஒரே பக்கம் ஒருக்களித்தபடி இமை கொட்டாமல் கிடந்தான். குளியலறைக்குப் பக்கவாட்டில் நண்டுபோல் போனான். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன்மேல் உள்ள கோபத்தில் முகம் காட்டாமல் இருக்கிறான் என்று பிறகு நினைத்தாள். இல்லை. வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அவன் முகம் ஒரே திசையைத்தான் பார்த்தது. அவன் பின்னால் நின்று, அந்தப் பார்வை போகும் வழியே தன் பார்வையையும் விட்டாள். சன்னல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தெருக்கோடி மரங்கள், அவற்றுக்கு அப்பால்.

அறிவியல் மையம்.

அவன் தோளைத் தொட்டாள். முன்பக்கம் காய்ச்சல் கண்டவனைப் போலக் கொதித்தது. விரல்களை முதுகுப் பக்கம் நகர்த்தினாள். சட்டை விறைத்து அப்பளமாக இருந்தது. தொட்ட இடத்தில் சன்னமாக முறிந்தது.

"உனக்கும் தெரிஞ்சுபோச்சா" என்றான் சன்னலைப் பார்த்தபடியே. குரல் சாதாரணமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "உன் கோளுக்கு நான்தான் முதல் ஆளு. திரும்பறதுக்கு டிக்கெட் போட மறந்துட்டே."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போயி? ஒரு பக்கம் சுடுது, ஒரு பக்கம் குளுருதுன்னு சொல்றதா? திருப்பித் திருப்பிப் போட்டு வாட்டச் சொல்லுவாரு." பல் அடித்துக்கொள்வது கேட்டது. "கழுத்தத் திருப்பினா உள்ள ஏதோ பிய்யுது. அந்த விளக்க ஒரு தடவ அணைச்சுப் பாரேன்."

அவளும் அதையேதான் நினைத்தாள். முகத்தைப் பூட்டியது விண்மீன் என்றால், விண்மீனை எடுத்துவிட்டால் பூட்டுக்குப் பிடி ஏது? சரியான யோசனை. தவறு கண்டுபிடிக்க முடியாத யோசனை.

"அணைச்சா நல்லாயிடுவீங்களா?"

"திரும்பிப் படுக்கலாம்னு தோணுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"போயிடுவீங்க."

"அதான் சொல்லியாச்சே" என்றான்.

பொய்யாகவாவது வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் பொய் சொல்லத் தெரிந்தவன்தான். பல வருடங்களாகச் சொன்னவன்தான். இந்த ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தான்.

மறுநாள் காலை இருவரும் கூடத்துக்குப் போனார்கள். தெருவில் இறங்கியதும் அவன் நடை சரியாகிவிட்டது. அந்தத் திசையில் மட்டும் அவனால் எல்லோரையும் போல நேராக நடக்க முடிந்தது. கையில் பை இல்லாமல், கண்ணை நேரே வைத்து, அவளைவிட வேகமாக. பார்க்கிறவர்களுக்கு வேலைக்குத் தாமதமான கணவனும் பின்னால் ஓடும் மனைவியும்.

வாசலில் இயக்குநர் நின்றிருந்தார். திறப்பு விழா என்றால் உயிரை விடுவார் என்பதால் ஊழியர்கள் அவருக்கு ரிப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். "என்னம்மா கறை அது? விருந்தாளி யாராவது வழுக்கி விழுந்தா என் பேரு நாறிப்போகும். சாயங்காலம் திறப்பு, அதுக்குள்ள போகணும். இல்லேன்னா விளக்க அணைச்சுக் கூடத்தப் பூட்டிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"பார்க்கறேன் சார்."

"பாத்துட்டேதானே இருக்கீங்க" என்று முனகிக்கொண்டே போனார்.

உள்ளே சிவப்பு. ஊதல். பொசுங்கும் தூசி. தரையில் உறைபனி இப்போது மேடாகவே எழும்பியிருந்தது, படுத்திருக்கும் ஆளின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல.

விளக்கின் விசை சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அவள் பெட்டியைத் திறந்து விசையைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் அதற்குள் நடுவுக்குப் போய்விட்டிருந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. பழகிய இடத்தில் பாதங்களைச் சேர்த்து வைத்து, இடது தோளைத் தாழ்த்தி, விளக்குக்கு முகம் காட்டி நின்றான்.

அவன் நிழல் பின்னால் விழுந்தது. விழுந்து, உறைபனியின் ஓரங்களோடு பொருந்தியது. தோளுக்குத் தோள். காதுக்குக் காது. எங்கும் ஒரு நூல் பிசகில்லை.

பனி உருகத் தொடங்கியது.

தண்ணீராகவில்லை. வெள்ளை தரையிலிருந்து அவன் காலடிக்கு இழுபட்டு வந்தது; குதிகாலில் ஏறியது; முழங்காலின் பின்புறம், இடுப்பு, முதுகு. தரை உலர்ந்தது. அவள் நாள் கணக்கில் தேடிய விடை கண்ணெதிரே தானாக நடந்துகொண்டிருந்தது. நிழல் மட்டும் கிடந்தபோதுதான் கூடம் தவறாக இருந்தது. இப்போது நிழலும் இருக்கிறது, நிழலுக்கு உரிய ஆளும் இருக்கிறான். இப்போது எதுவும் தவறில்லை.

"அணை" என்றான்.

விசை அவள் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது.

"அணைம்மா."

அம்மா என்று அவன் அழைத்துப் பல காலமாயிற்று. சிவப்பு வெளிச்சத்தில் அவன் முகம் இளைத்து, மென்மையாக, அவளைப் பெண் பார்க்க வந்த நாளில் இருந்ததுபோல் இருந்தது. கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. முகம் திரும்பவில்லை. முடியாது. ஒரு சின்ன அசைவு. கீழே இழுத்தால் போதும். இருட்டு வரும், அவன் கழுத்தைத் திருப்புவான், முதுகைத் தேய்த்துக்கொள்வான், நன்றி சொல்வானோ மாட்டானோ, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மூடுவான்.

அலமாரியில் பாதி காலியாக இருக்கும்.

மேசையில் ஒரு நாற்காலி.

கையை எடுத்தாள்.

அவன் வாய் மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை. உதடுகள் பாதியில் நின்றன. சட்டைக் காலரில் வெள்ளை ஏறியது. காதோரம். பின்மயிர்.

மேலே ஒலிபெருக்கியில், ஒத்திகைக்கு வைத்திருந்த நேரத்தில், அவன் குரலே பேசத் தொடங்கியது, தெளிவாக, இதமாக, அவள் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல்கூட விடாமல்: "கண்களை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். இங்கிருந்து பார்த்தால் உங்கள் வீடு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. பயப்பட வேண்டாம். இங்கே எதுவும் மாறாது."

அன்று சாயங்காலம் விழா சிறப்பாக நடந்தது. ரிப்பன் வெட்டப்பட்டது. கூட்டம் சின்னச் சின்னக் குழுக்களாக உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, நடுவே நின்ற உருவத்தைச் சுற்றி வந்தது. ஒரு வயதான தம்பதி வெகுநேரம் நின்றார்கள். "மெழுகாங்க?" என்றாள் அந்த அம்மாள். கணவர் எட்டி அதன் கன்னத்தைத் தொட்டார். "சுடுது. உள்ள பல்ப் வெச்சிருக்காங்க போல." பின்பக்கம் போய் முதுகைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "இந்தப் பக்கம் ஐஸ். என்னமா யோசிச்சுப் பண்ணியிருக்காங்க."

"கண்ணு அசையுது, பாத்தீங்களா?"

"அதுக்குத்தான் மோட்டார்."

அசைந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அந்தக் கண்கள் விசைப் பெட்டியருகே நின்ற அவளை வந்து தொட்டன, போயின, மறுபடி வந்தன. இமையோரம் ஒரு துளி திரண்டது. கன்னத்தை எட்டுவதற்கு முன்பே சூட்டில் வற்றிப்போனது. இன்னொன்று திரண்டது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அப்படியே நின்றாள். வேறு பக்கம் திரும்ப முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

இயக்குநர் பூமாலை வாசனையோடு வந்தார். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"அடேயப்பா. பொம்மைகூட அச்சு அசலா உங்க வீட்டுக்காரரேதான். கறைய எப்படிம்மா போக்கினீங்க? மறுபடி வந்தா என்ன செய்யணும்னு சொல்லி வைங்க, நம்ம ஆளுங்களுக்குத் தெரியணும்ல."

அவள் எப்போதும்போலப் பொறுமையாக விளக்கினாள்.

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். நிழல் விழற இடத்துல அந்த ஆளு நிக்கணும். விளக்க மட்டும் அணைக்கக் கூடாது."